ட்ராக் காருக்கு எந்த வீல்? தூக்கிப்போட மனசு வருவதை வாங்குங்கள்

"காரை ட்ராக்கில் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன், நல்ல டயர் போட வேண்டும், கையில் இருப்பது இவ்வளவுதான், எந்த வீல் வாங்கலாம்?" என்ற கேள்வி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர் கூடவே நான்கைந்து படங்களும் அனுப்புவார். ஒன்று ஃபோர்ஜ்டு, அதாவது திட அலுமினியத்தை அழுத்தி நசுக்கிச் செய்தது, விலையைப் பார்த்தாலே மூச்சு முட்டும். இன்னொன்று அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும், விலையில் மட்டும் பக்கத்தில்கூட வராது. மூன்றாவது, யாரோ சில வருடம் ஓட்டிவிட்டுக் கழற்றி விற்கும் பழைய செட். நான்காவது, பேரே கேள்விப்படாத ஒரு புது அலாய்.

ஒப்பிடுவதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப் போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நானும் ஆசைப்பட்டு, என் சக்திக்கு மீறி, ஒரு செட் ஃபோர்ஜ்டு வீல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன் இடது வீலில் மட்டும் காலையில் அடித்த காற்று மதியத்துக்குள் மூன்று நான்கு பிஎஸ்ஐ இறங்கிவிடும். வால்வ்தான் காரணம் என்று வால்வை மாற்றினேன். டயர் விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று கழற்றி மறுபடி மாட்டினேன். அப்புறம் காற்று அடித்து அடித்து ஓட்டினேன். பிரேக் பேட் மாற்றக் கழற்றிய ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்பக்கம், ஸ்போக் போய்ச் சேரும் இடத்துக்கு நேர் பின்னால், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு விரிசல். அது விரிசலாக இருக்கலாம் என்று எனக்கு முன்பே தோன்றாமல் இல்லை. அவ்வளவு பணம் போட்டதைக் குப்பையில் போட வேண்டியிருக்குமே என்று பார்க்காமல் இருந்தேன், அதுதான் உண்மை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ட்ராக்கில் வீல் என்பது பிரேக் பேட் மாதிரி, தேய்ந்து தீர்கிற பொருள். சந்தேகம் வந்த அன்றே கழற்றித் தூக்கிப்போட மனசு வருகிற விலையில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பான வீல். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மலிவானது, விலை உயர்ந்தது இரண்டைப் பற்றியும் நம் எண்ணம் கொஞ்சம் மாறும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

பொருந்துகிறதா. இது அளவுகோல்கூட இல்லை, வாசற்படி. இதைத் தாண்டாத வீலைப் பற்றிப் பேசவே வேண்டாம். நட் துளைகளின் வட்டம், அதாவது பிசிடி, துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். 5×112க்கும் (ஐந்து துளை, 112 மில்லிமீட்டர் வட்டம்) 5×114.3க்கும் விட்டத்தில் 2.3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கொஞ்சம் முயன்றால் நட் ஏறிக்கூடப் போகும், ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும், அதாவது நட் ஏறும் திருகுத் தண்டும், வளைந்த நிலையில் இறுகும். 4×98, 4×100 விஷயமும் இதேதான். ஒரே பேர் உள்ள காரில்கூட வருடத்துக்கு வருடம் மாறும்: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ 2005 மாடலில் 5×100லிருந்து 5×114.3க்குப் போனது, மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் மூன்றாம் தலைமுறை மட்டும் 5×114.3, மற்றவை 4×100.

நட் உட்காரும் இடத்தின் வடிவம் அதைவிட முக்கியம், ஆனால் பாதிப் பேர் கேட்பதே இல்லை. வெளியே வாங்கும் வீல்களில் பெரும்பாலானவை 60 டிகிரி கூம்பு. ஹோண்டா கம்பெனி நட் உருண்டை வடிவம், ஃபோக்ஸ்வேகன் போல்ட்டும் உருண்டைதான், டொயோட்டாவின் கம்பெனி அலாய் நட்டுகளில் பல தட்டையான வாஷர் வைத்தவை. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும், நீங்களும் நம்பிப் போவீர்கள்.

சென்டர் போர், அதாவது நடுத்துளை, வீல் மாட்டும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடலாம். பல வீல்கள் எல்லாக் காருக்கும் சேரட்டும் என்று 73.1 மில்லிமீட்டரில் வரும். சுபாருவின் ஹப் 56.1, ஹோண்டாவில் பலவற்றுக்கு 64.1. வீலின் பாரத்தைத் தாங்குவது நட்டுகளின் இறுக்கம்தான், ரிங் செய்வது இறுக்கும்போது வீலை நடுவில் பிடித்துவைக்கும் வேலை. அதனால் ரிங் இல்லாவிட்டால் உடனே ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிளாஸ்டிக் ரிங் ட்ராக் பிரேக் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும், அலுமினியத்தில் வாங்குங்கள்.

ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது, வீலில் ஈடி என்று போட்டிருக்கும்: ஈடி45 இருந்த இடத்தில் ஈடி35 போட்டால் வீல் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். அகலத்தை ஒரு அங்குலம் கூட்டினால் அதற்கு மேல் இரண்டு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் சேரும். வெளியே வர வர வீல் பேரிங் சீக்கிரம் போகும், ஸ்டீயரிங் கையை இழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் காலிப்பர், பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி. 17 அங்குல வீல் என்றால் எல்லா 17ம் காலிப்பரைத் தாண்டிவிடும் என்று இல்லை, ஸ்போக்கின் உள்வளைவு ஒவ்வொன்றுக்கும் வேறு. அட்டையில் வெட்டிப் பார்க்கும் அச்சு கிடைத்தால் வெட்டிப் பாருங்கள்.

எவ்வளவு பாரம் தாங்கும். ஒவ்வொரு நல்ல வீலின் பின்புறமும் கிலோவிலோ பவுண்டிலோ அதிகபட்ச பாரம் பொறித்திருக்கும், இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு 1,200 கிலோ கார், 55 சதவீதம் முன்னால், அப்படியானால் நிற்கும்போது ஒரு முன் வீலில் 330 கிலோ. செமி ஸ்லிக் டயரில் (கோடுகள் மிகக் குறைந்த, நன்றாக ஒட்டும் டயர்) 1.2 ஜி வளைவு, அதாவது காரின் எடையைப் போல 1.2 மடங்கு பக்கவாட்டு விசை, கனமையத்தின் உயரம் அரை மீட்டர், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் 1.5 மீட்டர் என்று வைத்தால், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம் 480 கிலோ. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் முன் அச்சு வாங்கினால் வெளிப்பக்க முன் வீலில் கிட்டத்தட்ட 600 கிலோ. பிரேக்கை விடாமல் வளைவுக்குள் போனால் இன்னும் கூடும், ட்ராக் ஓரத்தில் இருக்கும் கெர்ப் மேட்டின் மேல் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

இது மேலிருந்து அழுத்துவது மட்டும். பக்கவாட்டில் டயரின் அடியில் 700 கிலோ அளவுக்கு விசை தள்ளிக்கொண்டிருக்கும், 30 சென்டிமீட்டர் நெம்புகோலில், ஸ்போக்குகளை வளைத்துப் பார்க்கும் விதமாக. வீல் சுற்றச் சுற்ற ஒவ்வொரு ஸ்போக்கும் மாறி மாறி இழுபடும், நசுங்கும். சாதாரண டயர் அளவுக்கு ஒரு கிலோமீட்டரில் 500 சுற்றுக்கு மேல். இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: எஃகில் ஒரு அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் அலுப்புத் தட்டாது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. எந்த அலுமினிய வீலுக்கும் ஒரு ஆயுள் உண்டு, அது எங்கே முடிகிறது என்பதுதான் தெரியாது.

என் வழக்கம்: பாரமான அச்சில் ஒரு வீலின் மேல் நிற்கும் எடையைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு பொறித்திருக்க வேண்டும், கோடே இல்லாத ஸ்லிக் டயர் என்றால் இரண்டு மடங்கு. இது விதி இல்லை, என் பயத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்ததற்கு ஆதாரம். ஜேடபிள்யூஎல் முத்திரை ஜப்பானிய தரம். சுழலும்போது வளைத்துப் பார்ப்பது, பாரம் ஏற்றி உருட்டிப் பார்ப்பது, 13 டிகிரி சாய்வில் எடையைப் போட்டு இடிப்பது, இந்த மூன்று சோதனையும் அதில் உண்டு. ஆனால் ஜேடபிள்யூஎல் என்பது தயாரிப்பாளர் தானே உறுதி சொல்லிப் போட்டுக்கொள்வது. பக்கத்தில் வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் வெளியிலிருந்து ஒரு அமைப்பு சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். ஜெர்மன் வழியில் வந்தால் வீலிலேயே கேபிஏ என்ற அரசு அமைப்பின் எண் பொறித்திருக்கும், டூஃப் என்ற சோதனை அமைப்பின் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்க வழியில் எஸ்ஏஇ ஜே2530 என்ற தரம். எது இருந்தாலும் சரி, இவை சாலையில் ஓடும் காரை நினைத்து எழுதிய தரங்கள். தேறிவிட்டது என்றால் ட்ராக்குக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை, தேறாதது நிச்சயம் வேண்டாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி உடையும். வளைந்து எச்சரித்துவிட்டுப் போகுமா, சொல்லாமல் துண்டாகுமா.

ஐந்தாவது வீல் கிடைக்குமா. ஒன்று போனால் அதே அளவில், அதே ஆஃப்செட்டில் ஒற்றை வீல் இன்னும் இரண்டு வருடம் கழித்தும் வாங்க முடியுமா. செட்டாக மட்டும்தான் விற்பார்கள் என்றால் விலையை மனதில் இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடையைக் கடைசியில் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். விளிம்பில் இருக்கும் எடை, முடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கணக்கில் வரும், அது உண்மை. ஆனால் புதிதாக ட்ராக் ஓட்டுபவருக்கு வீலுக்கு ஒரு கிலோ குறைவதால் கிடைக்கும் நேரத்தைவிட, அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு நாள் ஓட்டினால் கிடைக்கும் நேரம் அதிகம்.

## பழைய கம்பெனி வீல்

யாரும் ஆசைப்படாத வழி, நான் முதலில் சொல்லும் வழி. காரைச் செய்தவர்கள் வீலைத் தங்கள் பெயரில் விற்கிறார்கள், குழியில் விழுந்து உடைந்தால் அவர்கள் தலைதான் உருளும், அதனால் கனமாகவும் பொறுமையாகவும் செய்கிறார்கள். பிசிடி, நடுத்துளை, நட் வடிவம் எல்லாம் கேள்வியே இல்லாமல் பொருந்தும். விபத்தில் போன கார்களிலிருந்தும், வெளி வீல் மாற்றியவர்களிடமிருந்தும் ஒற்றை ஒற்றையாகக் கிடைக்கும், ஆகவே ஐந்தாவது என்ன, ஏழாவதுகூடக் கிடைக்கும்.

குறை: கனம், அகலம் குறைவு. சில கார்களுக்கு அதே கம்பெனியின் பெரிய மாடல் வீல் வந்து உட்காரும், அங்கே தேடினால் அகலமும் கிடைக்கும். சில சமயம் புதையலே கிடைக்கும்: 2000களின் எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோ எம்ஆர் போன்றவற்றில் கம்பெனியே பிபிஎஸ் ஃபோர்ஜ்டு வீல் போட்டு விற்றது. மறைவான செலவு பழுது பார்த்த வீல். வளைந்ததைச் சூடு காட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து விற்பார்கள். டயர் இல்லாமல் வாங்கி, பேலன்ஸிங் இயந்திரத்தில் வெறும் வீலாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெல்டிங் வைத்தது என்று தெரிந்தால் பேரம்கூடப் பேச வேண்டாம். அலுமினிய வீலுக்குப் பலம் கொடுத்தது உலையில் செய்த பதம், வெல்டிங் சூடு அந்த இடத்தில் அதைக் கலைத்துவிடும்.

## மலிவான காஸ்ட் அலாய்

உருகிய அலுமினியத்தை, பெரும்பாலும் ஏ356 என்ற கலவையை, அச்சில் ஊற்றிச் செய்வது. காஸ்ட் என்றாலே மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அது தவறு. கம்பெனி வீல்களில் பெரும்பாலானவை காஸ்ட்தான். பிரச்சினை விலையையும் எடையையும் ஒரே நேரத்தில் குறைக்கப் போகும்போது வருகிறது. வார்ப்பில் நுண்ணிய காற்றுத் துளைகள் நிற்கும், அவற்றைக் குறைக்கவும் சோதிக்கவும் பணம் செலவாகும். மலிவாகவும் இருக்க வேண்டும், பத்திரமாகவும் இருக்க வேண்டும் என்றால் தயாரிப்பாளர் தடிமனாகத்தான் ஊற்ற வேண்டும். ஆகவே மலிவான காஸ்ட் வீல் கனமாக இருந்தால் எனக்கு நிம்மதி. ஃபோர்ஜ்டு வீலின் எடையை எட்டிப் பிடிக்கும் மலிவுக் காஸ்ட் என்றால் எங்கே பொருளைக் குறைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

உடைந்தால் வளையாமல் துண்டாகும் குணம் இதற்குத்தான் அதிகம். சாதாரண சாலை டயர், இலகுவான கார், வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் ட்ராக், பெயர் தெரிந்த தயாரிப்பாளர், பாரம் பொறித்திருக்கிறது: இவ்வளவும் சேர்ந்தால் வாங்கலாம். ஸ்லிக் டயரோடு வேண்டாம்.

## ஃப்ளோ ஃபார்ம்டு

முகப்பையும் ஸ்போக்குகளையும் வார்த்துவிட்டு, டயர் உட்காரும் உருளைப் பகுதியை மட்டும் சூடாக்கி, சுழலவிட்டு, உருளைகளால் அழுத்தி இழுத்து மெலிதாக்குவது. அந்தப் பகுதி அடர்த்தியாகி மெலிதாகவும் உறுதியாகவும் ஆகும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேர் வைத்திருக்கிறார்கள்: என்கெய் கம்பெனியில் எம்ஏடி, ஓஇஸட் கம்பெனியில் எச்எல்டி. சிலர் 'ரோட்டரி ஃபோர்ஜ்டு' என்று போடுவார்கள், அந்தச் சொல்லைப் பார்த்து ஃபோர்ஜ்டு என்று ஏமாற வேண்டாம், ஸ்போக் காஸ்ட்தான். விரிசல் ஸ்போக்கின் அடியில் ஆரம்பிக்கும் கார் என்றால், ஃப்ளோ ஃபார்மிங்கால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. உள்விளிம்பு கெர்ப்பில் நசுங்கும் கார் என்றால் நல்ல லாபம்.

இருந்தாலும் புது வீல்தான் வேண்டும், பணமும் அளவுதான் என்பவர்களுக்கு நடுவில் நிற்கும் இந்த வகைதான் பெரும்பாலும் விடை. என்கெய் ஆர்பிஎஃப்1, கோனிக் ஹைப்பர்கிராம் போன்றவை ட்ராக் கார்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்குக் காரணம் அழகு இல்லை. இலகு, அளவுகள் நிறைய, ஒற்றையாக வாங்கலாம், வருடக்கணக்காக அதே மாடல் விற்பனையில் இருக்கிறது. தூக்கிப்போட வலிக்கும், ஆனால் போட்டுவிடுவீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ஒரே மாடலில்கூட அளவுக்கு அளவு பாரம் தாங்கும் எண் மாறும். 15 அங்குலத்தில் சின்னக் காருக்கென்று செய்ததன் எண்ணைப் பார்த்துவிட்டு 18 அங்குலத்தை வாங்காதீர்கள், தலைகீழாகவும் வேண்டாம்.

## புது ஃபோர்ஜ்டு

திட அலுமினியக் கட்டியை, பெரும்பாலும் 6061, ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் நசுக்கி வடிவம் கொடுத்து, பதம் ஏற்றிக் கடைவது. காற்றுத் துளைக்கு இடமில்லை, ஆகவே குறைந்த பொருளில் அதே பலம். அடி விழுந்தால் பெரும்பாலும் வளையும், துண்டாவதற்கு முன் சொல்லும். ரேஸ் என்ற ஜப்பானிய கம்பெனியின் வோல்க் டிஇ37 வீல் 1996ல் வந்தபோது பேரிலேயே எடையை வைத்தார்கள்: 15 அங்குலத்தில் 6 அங்குல அகலம், 3.7 கிலோ.

எல்லா வகையிலும் இதுதான் மேல், விலை ஒன்றைத் தவிர. ஆனால் அந்த ஒன்றுதான் பாதுகாப்பையும் பாதிக்கிறது என்பது என் வாதம். 1,600 கிலோ கார், ஸ்லிக் டயர், பெரிய பிரேக், மாதாமாதம் ட்ராக் என்றால் ஃபோர்ஜ்டுக்குக் கீழே போகாதீர்கள், ஐந்தாவது வீலின் விலையையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். 1,000 கிலோ கார், சாலை டயர் என்றால் அந்தப் பணம் வீலில் தூங்கும். இன்னொன்று, ஃபோர்ஜ்டு என்பது செய்முறை மட்டும், வடிவமைப்பு வேறு. எடையைப் பீற்றிக்கொள்ள ஸ்போக்கை ஈர்க்குச்சி மாதிரி கடைந்தால் ஃபோர்ஜ்டும் விரிசல் விடும். இங்கேயும் பாரம் தாங்கும் எண்ணைக் கேளுங்கள்.

## பழைய ஃபோர்ஜ்டு

என்னைக் கவிழ்த்தது இதுதான். வெளியே பளபளவென்று இருக்கும். முந்தையவர் எத்தனை ஆயிரம் லேப், எந்த டயரில், எத்தனை கெர்ப் என்று வீலில் எழுதியிருக்காது. அலுமினியத்துக்கு ஆயுள் உண்டு என்றேனே, அதில் எவ்வளவு தீர்ந்தது என்று விற்பவருக்கே தெரியாது. கண்காட்சிக் காரிலிருந்தோ சாலைக் காரிலிருந்தோ கழற்றியது என்றால் நல்ல பேரம். ரேஸ் காரிலிருந்து கழற்றியது என்றால், விரிசல் பார்க்கும் சாயச் சோதனைக்கு ஆகும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் விற்பவர் ஏன் விற்கிறார் என்றும் கேளுங்கள்.

புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்தது என்றால் இரண்டு மடங்கு சந்தேகம். விரிசலை மறைக்க அதைவிட நல்ல வழி இல்லை. அதுவும் போக, கோட்டிங் உலை சுமார் 200 டிகிரி வரை போகும், வீலுக்குப் பதம் ஏற்றிய சூட்டைவிட அது அதிகம், எவ்வளவு நேரம் உள்ளே வைத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பலம் குறையும்.

## டூப்ளிகேட்

பேர் பெற்ற வீலின் முகத்தை மட்டும் நகலெடுத்த காஸ்ட் வீல். சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். ஆறு மெல்லிய ஸ்போக் போதும் என்று அசலைச் செய்தவர் முடிவெடுத்தது ஃபோர்ஜ்டு அலுமினியத்தை வைத்து. அதே ஆறு ஸ்போக்கை வார்ப்பில் ஊற்றினால், ஒன்று கனமாக இருக்கும், இல்லையென்றால் பலவீனமாக இருக்கும், எது என்று வெளியிலிருந்து தெரியாது. முத்திரையையும் சேர்த்தே அச்சில் ஊற்றிவிடுவார்கள். சொந்தமாக வடிவமைத்துத் தன் பேரில் விற்கும் மலிவு வீலையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள், அவர் குறைந்தபட்சம் ஒரு முகவரியோடு நிற்கிறார்.

ஸ்டீல் ரிம் கனம், ஆனால் வளைந்து நெளியுமே தவிர சட்டென்று உடையாது. சின்னக் கார், சின்னப் பிரேக் என்றால் மழை டயருக்கு ஒரு செட் வைத்துக்கொள்ளலாம். துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்த வீல், மக்னீசியம், கார்பன் எல்லாம் இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டில் இல்லை.

## ஒரே பார்வையில்

| வகை | உடையும் விதம் | எடை | ஐந்தாவது வீல் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பழைய கம்பெனி வீல் | பெரும்பாலும் எச்சரிக்கும் | அதிகம் | எளிது | நிமிர்த்தியதை வாங்கிவிடுவது | புதியவர், பட்ஜெட் குறைவு |
| மலிவு காஸ்ட் | துண்டாகலாம் | அதிகம் | மாடல் நின்றுவிடலாம் | ஹப் ரிங், நட் | இலகு கார், சாலை டயர் |
| ஃப்ளோ ஃபார்ம்டு | ஸ்போக் காஸ்ட், உருளை வளையும் | நடுத்தரம் | பேர் பெற்றதில் எளிது | நட், ஸ்டட் | பெரும்பாலானவர்கள் |
| புது ஃபோர்ஜ்டு | பெரும்பாலும் வளையும் | குறைவு | காத்திருக்க வேண்டும் | ஒன்று போனால் விலை | கனமான கார், ஸ்லிக் |
| பழைய ஃபோர்ஜ்டு | தீர்ந்த ஆயுள் தெரியாது | குறைவு | கடினம் | விரிசல் சோதனை | வரலாறு தெரிந்தால் மட்டும் |
| டூப்ளிகேட் | சொல்ல முடியாது | ஏமாற்றும் | அதே தரம் வரும் என்று இல்லை | எல்லாமே | யாருக்கும் வேண்டாம் |

## யானைக்குப் பிறகு அங்குசம்

வீலுக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு நட்டுக்குக் கணக்குப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூம்பு வடிவில், எஃகில், திறந்த முனை உள்ள நட்டுகளாக வாங்குங்கள். வண்ண வண்ண அலுமினிய நட் கண்காட்சிக்கு. நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள்: ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது கவ்வ வேண்டும். எம்12×1.5 (12 மில்லிமீட்டர் விட்டம், சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர்) என்றால் 8 சுற்று, எம்12×1.25 என்றால் கிட்டத்தட்ட 10, எம்14×1.5 என்றால் 9க்கு மேல். புது வீலின் நட் பகுதி கம்பெனி வீலைவிடத் தடிமனாக இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும், அப்போது நீளமான ஸ்டட் வாங்க வேண்டும். ஆஃப்செட்டைச் சரிக்கட்ட வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டு போட்டாலும் அதேதான். ட்ராக் காரில் ஸ்டட்டும் தேயும் பொருள்தான், அவ்வப்போது புதிதாக மாற்றிவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் விழுங்கும் செலவு டயர். வீல் ஒரு தடவை வாங்குவது, டயர் அந்த அளவில் திரும்பத் திரும்ப வாங்குவது. 18 அங்குல வீல் பேரத்தில் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு செட் டயரிலும் அந்த லாபத்தைத் திருப்பிக் கட்டுவார்கள். பிரேக்கைத் தாண்டுகிற மிகச் சின்ன அளவு எதுவோ, உங்கள் டயர் எந்த அளவில் தாராளமாகக் கிடைக்கிறதோ, அதை முடிவு செய்துவிட்டு அப்புறம் வீலைத் தேடுங்கள். பெரும்பாலோர் செய்வது தலைகீழ்.

## அப்போ எது

இதுவரை ட்ராக் ஓட்டாதவர், அல்லது நான்கைந்து நாள் ஓட்டியவர்: இருக்கும் கம்பெனி வீலை சாலைக்கு வைத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னொரு பழைய செட் வாங்கி ட்ராக் டயர் போடுங்கள். ஒரு வருடம் ஓட்டினால் உங்களுக்கு எந்த அகலம், எந்த ஆஃப்செட் வேண்டும் என்று தானாகத் தெரியும்.

அடிக்கடி ஓட்டுகிறீர்கள், செமி ஸ்லிக், கார் 1,300 கிலோவுக்குள்: பேர் பெற்ற ஃப்ளோ ஃபார்ம்டு, நான்கு இல்லை, ஐந்து.

கனமான கார், அல்லது ஸ்லிக், அல்லது கெர்ப்பை விடாமல் தின்கிற ஓட்டுநர்: புது ஃபோர்ஜ்டு. பணம் பத்தவில்லை என்றால் ஸ்லிக் டயரைத் தள்ளிப் போடுங்கள், வீல் தரத்தைக் குறைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும், ட்ராக்குக்குப் போய் வந்ததும் கழற்றிக் கழுவி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்போக்கின் பின்பக்கம், ஸ்போக் நடுவோடு சேரும் மூலை, நட் துளையைச் சுற்றி, வால்வ் துளை, உருளையின் உள்பக்கம். பிரேக் தூசி விரிசலுக்குள் புகுந்து கறுப்புக் கோடாகக் காட்டும், அதனால் கழுவுவதற்கு முன்னும் ஒரு தடவை பாருங்கள். நகம் மாட்டினால் அது வெறும் கீறல் இல்லை, விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் ஒரு வீலில் மட்டும் காற்று இறங்கினால் அந்த வீல் அன்று ஓடக்கூடாது, வால்வைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். காலையில் வீல் குளிர்ந்திருக்கும்போது கார் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் பாருங்கள், ஒவ்வொரு தடவை ட்ராக்கில் இறங்குவதற்கு முன்னும் பாருங்கள்.

விரிசல் கண்டால் விற்காதீர்கள், "சாலைக்கு மட்டும்" என்று சொல்லியும் விற்காதீர்கள். கட்டர் வைத்து இரண்டாக அறுத்துப் பழைய அலுமினியத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் யாரோ பெயின்ட் அடித்து இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள். என் முன் இடது வீலை அப்படித்தான் அறுத்தேன். மற்ற மூன்றும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அவையும் அதே லேப்களை ஓடியவை என்பதால் அன்றைக்கே அறுத்துவிட்டேன்.